அழைத்தவர் கடன்

மதவாச்சியிலிருந்து பிரிந்து தலைமன்னாரை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதை, வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தின் வழியாகச் செல்கின்றது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே இப்பாதையும் திறக்கப்பட்டது. அந்நாட்களில் இவ்வழியே ஓடிய புகைவண்டிகளில் பெருந்தொகையாக வந்தவர்கள் யாவர்? திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட ஏழைத் தொழிலாளர். அவர்களுட் பலரின் கழுத்தில் ஒரு கயிறு. அக்கயிற்றில் ஒரு சிறு தகரவில்லை. அவ்வில்லையிற் சில எண்கள். இன்ன மாவட்டம், இன்ன தோட்டம் என்பதை அவ்வெண்களே சொல்லும். வருகின்றவன் தன் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

போரினால் அழிந்து கிடந்த இதே பாதையை, அண்மைக் காலத்தில் இர்கோன் என்னும் இந்திய நிறுவனம் மீண்டும் அமைத்துக் கொடுத்தது. 2015 மார்ச் மாதத்தில் தலைமன்னார் வரை வண்டி ஓடிற்று. இப்பணிக்காகவும் இந்தியாவிலிருந்து பொறியியலாளர் வந்தனர். அவர்களிடம் இருந்தவை கடவுச்சீட்டும் வீசாவும்.

இவ்விரு வருகைகளுக்கும் இடையே நூறாண்டுகள் கழிந்துள்ளன. பிறநாட்டிலிருந்து ஒருவனை வேலைக்கு அழைப்பவன் எவற்றுக்குப் பொறுப்பாளி என்பதைச் சட்டம் மெல்ல மெல்ல, பல தவறுகளைச் செய்தபின், கற்றுக்கொண்ட காலம் அது. அக்கதையை இப்பொழுது எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்று எந்தத் திண்ணையில் அமர்ந்தாலும், "கனடாவில் இருக்கிற மாமா வேலைக் கடிதம் அனுப்புவாராம், இத்தனை இலட்சம் செலவாகுமாம்" என்னும் பேச்சுக் காதில் விழுகின்றது. ஒரு காலத்தில் ஆட்களை வரவேற்ற நிலம், இன்று ஆட்களை அனுப்பும் நிலமாகிவிட்டது. இரு திசைகளிலும் சட்டத்தின் முன் எழும் வினாக்கள் இரண்டுதாம். வழிச்செலவு யாருடையது? வந்தவன் வேலையை விட்டு நீங்க விரும்பினால் நீங்கலாமா?

புகைவண்டிக்கு முன்னர் இருந்தது நடைபாதை. கோப்பிப் பயிர் மலைநாட்டில் ஓங்கியிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வன்னியின் தென்மேற்கு எல்லைக் காடுகளை ஊடறுத்து, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். நீரற்ற வெளி, மலேரியாக் காய்ச்சல், வாந்திபேதி, காட்டு விலங்கு ஆகிய இத்தனையையும் கடந்து போய்ச் சேர்ந்தோர் பழம் பறித்து முடிந்ததும் அதே வழியால் ஊர் திரும்பினர். வழியில் வீழ்ந்தோரின் தொகையைச் சரியாக எழுதி வைத்தவர் எவருமிலர். அவர்களை அழைத்தவன் அவ்வழிக்குப் பொறுப்பாளியல்லன் என்பதே அன்றைய நடைமுறை.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வேலையொப்பந்தத்தைப் பற்றியது. முன்னறிவித்தல் கொடாமல் வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அது இடமளித்தது. சம்பளம் கொடுக்கத் தவறிய துரை சிறைக்குச் சென்றாரா என்று வாசகர் கேட்கலாம். சட்டத்தின் கண் அக்காலத்தில் ஒரு பக்கமே பார்த்தது.

ஆயினும் தொழிலாளியைக் கட்டி வைத்தது சிறைப்பயம் மட்டுமன்று, கடன். தோட்டத்துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். கங்காணி தன் ஊருக்கும் அயலூர்களுக்கும் சென்று, உறவினரையும் அறிந்தவரையும் திரட்டுவான். அவர்களுடைய ஊர்க்கடனைத் தீர்ப்பது, கப்பற் கூலி, வழியிற் சோறு, துணி எல்லாம் அம்முன்பணத்திலிருந்து செலவாகும். செலவான தொகை தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்படும். எழுதுபவன் கங்காணி, கைநாட்டு வைப்பவன் எழுத்தறியாதவன். ஆதலின் தோட்டத்தில் முதல்நாட் காலையில் பிரட்டுக் களத்தில் நின்றபோதே அவன் கடனாளி. ஒரு நாளுக்கு எத்தனை பேரை வேலைக்கு இறக்கினானோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே தன் ஆட்கள் குறையாதிருக்க வேண்டும் என்னும் கவலை துரைக்கு இருந்ததைப் போலவே கங்காணிக்கும் இருந்தது.

இனி, 'துண்டு' என்பதைச் சொல்லவேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கங்காணி தன் கூட்டத்துடன் மாற விரும்பினால், பழைய துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கொடுப்பார். "இக்கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோருக்கு இவர்களை விடுவிக்கச் சித்தமாயுள்ளேன்" என்பது அதன் பொருள். புதிய துரை தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவார். கையிலுள்ளது சிறு காகிதம். அதன் பின்னால் நூறு குடும்பங்கள். கங்காணியும் துரையும் கடன்தொகையை ஏற்றிக்கொண்டே போக, தொழிலாளி தன் தலைமேல் எவ்வளவு இருக்கின்றதென்று அறியாமலே தோட்டம் தோட்டமாக மாறினான். மனிதரை விற்பது அடிமை வாணிகம் எனப்பட்டுத் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மனிதரின் கடனை விற்பது மட்டும் நாகரிகமான வியாபாரமாகக் கருதப்பட்டது வியப்பன்று. பெயரை மாற்றினால் பொருள் மறைந்துவிடும் என்று நம்புவோர் எக்காலத்தும் உளர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரவில்லையை, பார்த்த மாத்திரத்தில் அவமானச் சின்னம் என்று கூறத் தோன்றும். அது உண்மையே. எனினும் அதில் ஒரு சிறு நன்மையும் கலந்திருந்தது. வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கிலேயே எழுதுவதற்கும், இடைவழியில் வேறொரு கங்காணி ஆட்களைக் கவர்ந்து செல்லாதிருப்பதற்கும் அவ்வில்லை பயன்பட்டது. 1904ஆம் ஆண்டில் தோட்டத்துரைமாரின் தொழிலாளர் ஆணையகம் திருச்சியில் அமைந்தது. கடலைக் கடக்குமுன் மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைத்து, நோய்த்தடைப் பரிசோதனை செய்து அனுப்பும் முறையும் வந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது.

உண்மையான திருப்பம் 1920களிலேயே வந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இந்திய அரசு 1922இற் குடிபெயர்வுச் சட்டமொன்றை இயற்ற, அதற்கு இணையாக 1923இல் இலங்கையில் 1ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் சட்டம் நிறைவேறிற்று. இச்சட்டத்தின் உயிர்நிலை ஒரு பொது நிதி. ஆட்களை அழைக்கும் தோட்டங்கள் யாவும் அதற்குப் பணம் செலுத்த வேண்டும். ஊரிலிருந்து தோட்டம் வரையுள்ள செலவு அந்நிதியிலிருந்தே கொடுபடும். தொழிலாளியின் பெயரில் ஒரு சதமும் எழுதப்படலாகாது. கண்டியில் இந்திய அரசின் முகவர் ஒருவர் இருந்து முறைப்பாடுகளைக் கேட்டார். வந்து ஓராண்டுக்குள் வேலைக்குத் தகுதியற்றவராகவோ, அநீதிக்கு உட்பட்டவராகவோ காணப்பட்டவரைச் செலவின்றித் திருப்பி அனுப்பவும் விதி இருந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்து சேர்ந்தது.

'அழைப்பவனே செலவை ஏற்க வேண்டும்' என்று சர்வதேசத் தொழில் தாபனம் முதலியன இன்று வற்புறுத்தும் கொள்கையை, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுச் சட்டம் ஒன்று கண்டிருந்தது என்பதை மாணவர் மனங்கொள்ளத்தகும். நம் பாடநூல்கள் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன.

ஆயின் அச்சட்டம் ஒன்றை மறந்தது. கூலியைப் பற்றிச் சொன்னது. கடனைப் பற்றிச் சொன்னது. வந்தவன் பத்து ஆண்டு, இருபது ஆண்டு, இரு தலைமுறை என்று இங்கேயே வாழ்ந்துவிட்டால் அவன் யார் என்பதைச் சொல்லவில்லை. பிரித்தானிய ஆட்சியில் அவ்வினா கூர்மை பெறவில்லை. 1939இல், இலங்கை அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர் விலக்கப்பட்டபோது, இந்திய அரசு ஆகஸ்ட் 1ஆந் திகதி முதல் இலங்கைக்குத் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடைசெய்தது. கதவு மூடிற்று. உள்ளே இருந்தவர் உள்ளேயே இருந்தனர்.

சுதந்திரம் வந்த 1948இல், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிடம் சான்றுகளைக் கேட்டது. ஒருவர் இங்கே பிறந்திருப்பது போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயன் காம்பிராவிற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பதிவு எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் மற்றொரு வழியைத் திறந்ததாயினும், அவ்வழியும் ஒடுக்கமாகவே இருந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வதிந்தமையைக் காட்ட வேண்டும். ஏறத்தாழ 8,24,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை கிட்டியவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. இச்சட்ட முயற்சிகள் தொடர்பில், அப்போது வவுனியாத் தொகுதியின் பிரதிநிதியாகவும் வர்த்தக அமைச்சராகவும் இருந்த செ. சுந்தரலிங்கம் 1948இல் அமைச்சரவையிலிருந்து விலகினார் என்பதை வன்னி வாசகர் நினைவிற் கொள்ளலாம்.

இதே காலத்தில் மற்றொரு சட்டமும் பிறந்தது. அதுவே இன்றுவரை, திருத்தங்களுடன், பிறநாட்டாரின் வரவைக் கட்டுப்படுத்தும் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம். 1949 நவம்பர் 1ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. திணைக்களமும் அன்றே தொடங்கிற்று. பிரசையல்லாதவர் இந்நாட்டில் இருக்க வீசா வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரசாவுரிமைச் சட்டத்தையும் இச்சட்டத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். முன்னது ஒருவரைப் பிரசையல்லாதவர் ஆக்கியது. பின்னது பிரசையல்லாதவரிடம் அனுமதிச் சீட்டுக் கேட்டது. கண்டியிற் பிறந்து வளர்ந்த ஒருவரைப் பார்த்துக் 'கள்ளத்தோணி' என்று ஏசும் வழக்கம் அதன்பின் பரவிற்று. அச்சொல்லை உச்சரித்த வாய்களுள் நம் வாய்களும் இருந்தன.

1964 அக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று விட்டு, 1974இற் பாதிப்பாதியாகப் பகிர்ந்தனர். நிலத்தைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த அக்கணக்கின்படி, செட்டிகுளத்து இருப்புப் பாதையில் மீண்டும் புகைவண்டிகள் நிறைந்து சென்றன. இம்முறை எதிர்த்திசையில். அக்கரையிற் பலரை வரவேற்றது அதே மண்டபம் முகாம்.

எல்லாரும் கப்பலேறவில்லை. 1970களின் பஞ்சத்துக்கும், 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்கும் தப்பி, மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தோர் ஆயிரக்கணக்கானோர். வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தியம் அமைப்பு அவர்களுட் பலருக்குக் குடியிருப்பு அமைக்க உதவிற்று. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் ஆகிய ஊர்களில் அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வாழ்கின்றனர். நெல்வயலிலும், மிளகாய், வெங்காயத் தோட்டங்களிலும் அவர்கள் கூலிக்கு உழைத்தனர். அவற்றின் உடைமையாளர் வெள்ளைத்துரைமார் அல்லர், நம்மவரே. குடியிருக்க நிலம் கொடுத்தோரும் உளர். போக்கிடமற்றவன் என்பதறிந்து கூலியைக் குறைத்தோரும் உளர். பிரசாவுரிமை இல்லாதவருக்கு அரச காணி கிட்டாது; தேசிய அடையாள அட்டை கிட்டாது; முறைப்பாடு செய்யப் பொலிசுக்குப் போகவும் அச்சம். சட்டத்தில் இடமில்லாதவனைத் தன் ஊரார், தன் மொழியாரே சுரண்டலாம் என்பதற்கு வன்னியிலேயே சான்று உண்டு என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

அக்குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1964 அக்டோபர் 30ஆந் திகதி முதல் இங்கே நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது பிரசாவுரிமை வழங்கிற்று. வேலைக்கு அழைத்த நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே சிலருக்கு ஐந்து தலைமுறை.

இனி, இன்று நம்மவர் பிறநாட்டாரை வேலைக்கு அழைப்பதாயின் செய்ய வேண்டியது யாது? "நாம் ஏது, வெளிநாட்டாரை வேலைக்கு வைப்பது ஏது?" என்று நகைக்க வேண்டாம். கோயில் கோபுரத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியை அழைக்கும் தர்மகர்த்தா சபை, அவர் கூலி பெறும் நாள்வரை ஒரு வேலைகொள்வோரே. அரிசி ஆலைக்கு இயந்திரம் பூட்ட இந்தியத் தொழில்நுட்பவியலாளரை வரவழைப்பவரும் அவ்வாறே. கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் 2009க்குப் பின் பிறநாட்டு நிபுணரை வன்னிக்கு அழைத்து வந்ததும் இதே சட்டத்தின் கீழ்த்தான்.

முதலாவதாக அறிய வேண்டியது, வீசாக்கள் பலவகைப்படும் என்பது. நாடு சுற்றிப் பார்க்க வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்யலாகாது. அது சிலநாள் வேலையாயினும் சரியே. குறுகிய கால வணிக அலுவலுக்கான வீசா வேறு. தொழிலுக்கான வதிவிட வீசா வேறு. வதிவிட வீசாவைத் தொழிலாளி தானே வந்து வாங்கிக்கொள்ள முடியாது. அழைப்பவர் தம் பெயரில் விண்ணப்பித்து, துறைக்குரிய அமைச்சின் பரிந்துரையைப் பெற்று, பத்தரமுல்லையிலுள்ள திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். முதலீட்டுச் சபையில் பதிந்த நிறுவனமாயின் பரிந்துரை அச்சபையிலிருந்து வரும். வீசா பெரும்பாலும் ஓராண்டுக்கே. பின்னர் புதுப்பிக்க வேண்டும். யாருடைய பெயரில் வீசா பெறப்பட்டதோ அவரிடமே வேலை. வேலை முடிந்தால் அறிவிப்பதும், வந்தவர் முறையாக வெளியேறுகின்றாரா என்று பார்ப்பதும் அழைத்தவர் பொறுப்பு. திருவிழா முடிந்ததும் ஸ்தபதியை அடுத்த ஊர்க் கோயிலுக்கு இரவல் கொடுப்பது அன்பான செயலாகத் தோன்றலாம். அகப்பட்டால் நாடு கடத்தப்படுபவர் அவர், தர்மகர்த்தா அல்லர். கடவுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கின்றோம் என்று வாங்கிப் பெட்டியிற் பூட்டுவதும் தகாது. அது அவருடையது.

இப்பொழுது மாமாவின் கடிதத்துக்கு வருவோம். கனடாவில் ஒரு கடைக்காரர் பிறநாட்டிலிருந்து ஆள் அழைக்க விரும்பினால், பொதுவாக முதலில் அந்நாட்டு அரசிடம் தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீடு என்னும் அனுமதியைப் பெற வேண்டும். அவ்வேலைக்கு உள்நாட்டில் ஆள் தேடி, பெரும்பாலும் நான்கு வாரமாவது விளம்பரம் செய்து, கிடைக்கவில்லை என்று காட்டினாலே அனுமதி கிட்டும். அதற்கான கட்டணம் ஓர் இடத்துக்கு 1,000 டொலர். இத்தொகையைக் கடைக்காரர் தொழிலாளியிடமிருந்து அறவிடல் சட்டவிரோதம். ஆள் திரட்டும் செலவையும் அவ்வாறே வாங்கலாகாது. குறைந்த சம்பள வேலையாயின் போக வர விமானக் கூலியும் அவருடையதே. கையொப்பமிட்ட வேலையொப்பந்தத்தின் பிரதியைக் கொடுக்க வேண்டும். ஏடுகளை ஆறாண்டு வைத்திருக்க வேண்டும். மீறினால், ஒரு மீறலுக்கு 1,00,000 டொலர் வரை தண்டம் விதிக்கப்படலாம். இனி ஆள் அழைக்கத் தடையும் வரலாம். பொய்க் கடிதத்துடன் விண்ணப்பித்தவருக்கும் ஐந்தாண்டு அந்நாட்டுக்குள் நுழையத் தடை உண்டு.

ஆகவே 'இத்தனை இலட்சம் செலவாகும்' என்று சொல்லும் மாமா, சட்டப்படி தாம் செலுத்த வேண்டியதை மருமகனிடம் கேட்கின்றார். அல்லது அனுமதியே பெறாத வேலையை விற்கின்றார். இடையில் நின்று தரகு பெறுபவனைப் பழைய காலத்தவர் கங்காணி என்றனர். காணியை ஈடுவைத்துப் பணம் கட்டிச் சென்றவன், அங்கே சம்பளம் குறைந்தாலும், பதினாறு மணிநேரம் நின்றாலும் வாய் திறக்கமாட்டான். அவனுடைய வேலை அனுமதியில் பெரும்பாலும் ஒரே முதலாளியின் பெயர்தான் இருக்கும். இத்தகையோர் கொடுமைக்குள்ளானால், முதலாளியை விட்டு நீங்கித் திறந்த அனுமதி பெற 2019 ஜூன் முதல் அந்நாட்டில் வழியுண்டு. கட்டாரில், 2018ஆம் ஆண்டில் பெரும்பாலோருக்கு வெளியேறும் அனுமதி தேவையற்றதாயிற்று. 2020இல், முதலாளியின் சம்மதமின்றியே வேலை மாறவும் சட்டம் இடங்கொடுத்தது. 1921இல் இங்கே துண்டை ஒழித்ததும் இதே முடிச்சை அவிழ்ப்பதற்காகவே.

மத்திய கிழக்குக்குச் செல்வோர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்தபின்னரே புறப்பட வேண்டும். உரிமமற்ற முகவர் ஆள் திரட்டுவது குற்றம். "சுற்றுலா வீசாவிற் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று எவரேனும் சொன்னால், அவர் உரிமத்தின் இலக்கத்தைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் முதலாளியின் பெயர், வேலையின் பெயர், சம்பளம், நாளுக்கு எத்தனை மணிநேரம், திரும்பும் பயணச் செலவு யாருடையது என்பன எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்து விளங்கவில்லையாயின் பிரதேச செயலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென அங்கே உத்தியோகத்தர் உளர். கைநாட்டு வைக்கும் காலம் போயிற்று. காகிதத்தை வீட்டிலுள்ள மாணவனிடமே கொடுத்து ஒருமுறை உரத்து வாசிக்கச் சொல்லலாம்.